ஒன்பதாம் எண் மரத்தின் பெயர் இச்சி

சாலையை அகலப்படுத்துவதற்காக எங்கள் ஊர் மரங்களில் எண் எழுதிய அதிகாரிகளுக்கு,

போன மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நீங்கள் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். கண்மாய்க் கரையோரம் நிற்கும் இச்சி மரங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். உங்களில் ஒருவர், "காட்டு மரந்தானே டீச்சர்? பழம் மனுசன் திங்கிறதா, கட்டை பலகைக்கு ஆகிறதா?" என்றார். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் தபாலில் போடாமல் எல்லார் முன்னாலும் வைக்கிறேன்.

நான் சாயல்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா பனையேறி. அம்மா விடிலியில், அதாவது பனங்காட்டு ஓலைக் கொட்டகையில், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவர். அந்தக் கருப்பட்டிக் காசில் படித்து, இதே வட்டாரத்தில் முப்பத்திரண்டு வருடம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றேன். கூட்டம் முடிந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு உங்கள் மரப் பட்டியலை வாங்கினேன். மொத்தம் 41 மரம் வெட்ட வேண்டும் என்று இருக்கிறது. வேம்பை வேம்பு என்றும் புளியைப் புளி என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதினேழு மரத்துக்கு நேரே மட்டும் "இதர காட்டு மரம், விறகு" என்று இருக்கிறது. அந்தப் பதினேழும் இச்சி. வெட்டப் போகிற மரத்தின் பெயரைக்கூட யாரும் விசாரிக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே முதலில் அது என்ன மரம் என்று சொல்லிவிடுகிறேன். ஆல், அரசு, அத்தி இவற்றோடு கூடப்பிறந்தது இச்சி. சில ஊரில் இத்தி என்பார்கள், சில ஊரில் கல்லிச்சி. ஆலைப் போல விழுது ஊன்றி அகலமாகப் பரவாது. விடுகிற ஒன்றிரண்டு வேரும் அடிமரத்தையே சுற்றிக்கொள்ளும். இலை வழுவழுப்பாக இருக்கும், அரசிலைக்கு இருக்கிற நீள வால் இருக்காது. பழம் சுண்டைக்காய் அளவுதான். காம்பு கிடையாது, இலைக் கக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பழுத்தால் கருஞ்சிவப்பாகும். இந்தியாவின் தென்பகுதி, இலங்கை, மாலத்தீவு, இவைதான் அதன் சொந்த மண். அதாவது நம் கடலைச் சுற்றியிருக்கிற நிலம். இந்த மரம் உலகத்தில் எல்லா இடத்திலும் முளைத்துக் கிடக்கிற களை இல்லை.

இப்போது ஒன்பதாம் எண் மரத்துக்கு வருகிறேன்.

இச்சிக்கு எங்கள் பகுதியில் யாரும் கன்று வைத்ததில்லை. பறவை பழத்தைத் தின்றுவிட்டுப் பனையில் போய் உட்காரும். அங்கே மட்டை கழித்த இடத்தில் அதன் அடிக்கட்டையான பத்தை மட்டை நிற்கும். அதன் இடுக்கில் தூசியும் சருகும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்திருக்கும். எச்சத்தோடு விழுந்த விதை அந்தப் பிடி மண்ணில் முளைக்கும். பாளை விடுகிற பனையில் இப்படி முளைத்தால் அப்பா அரிவாள் நுனியால் நெம்பி எடுத்துவிடுவார். வேர் இறங்கிவிட்டால் பனை தாங்காது, ஏறுகிறவர் காலுக்கும் இடைஞ்சல். இச்சியை எங்கள் வீட்டில் யாரும் தெய்வமாகக் கும்பிட்டதில்லை. மரத்தின் மேல் இருக்கிற பாசத்தில் அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் ரோட்டோரம் வயதான பனை ஒன்று நின்றது. பாளை ஓய்ந்துபோன பனை. அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு இச்சி முளைத்தபோது, "அதை விட்டுவிடுங்க, விடிலிக்கு நிழலாகும்" என்று அம்மா சொன்னார். அப்பா விட்டுவிட்டார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு நான் வெளியூர்ப் பள்ளிக்கு நடக்க ஆரம்பித்தபோது அதன் வேர் என் தலை உயரத்துக்கு இறங்கியிருந்தது; கயிறு மாதிரி மெல்லிசாக, காற்றில் ஆடாமல் பனையோடு ஒட்டிக்கொண்டு. பத்தாவது பரீட்சை எழுதிய வருடம் மண்ணைத் தொட்டது. மண்ணைத் தொட்ட பிறகு அதன் வேகமே வேறு. வேர்கள் ஒன்றோடொன்று கூடி, பின்னி, பனையைச் சுற்றிச் சுவர் எழுப்பின. எனக்குக் கல்யாணமான வருடம் வரைக்கும் உச்சியில் நாலு பனையோலை வெளியே தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இன்றைக்கும் அந்த மரத்தின் மேற்குப் பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கிறது. கையை விட்டால் உள்ளே பனையின் வளையம் வளையமான சொரசொரப்பு விரலில் படும். அப்பா கால் வைத்து ஏறிய மரம் அது. அதன் மேல்தான் உங்கள் ஆட்கள் பட்டையைச் செதுக்கி, சிவப்புப் பெயிண்டில் 9 என்று எழுதினார்கள். செதுக்கிய இடத்திலிருந்து பால் வடிந்து, எழுத்தின் மேலேயே வெள்ளையாக இறங்கிக் காய்ந்திருக்கிறது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஒன்பதாம் எண் மரத்துக்குள் இருக்கிற பனையை உங்கள் பட்டியலில் தேடினேன். இல்லை.

"பழம் மனுசன் திங்கிறதா" என்று கேட்டீர்கள். நாங்கள் சின்ன வயதில் தின்றிருக்கிறோம், சுமாராக இருக்கும். ஆனால் அது மனிதருக்காகப் பழுக்கிற மரம் இல்லை.

2012-ல் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "இச்சி எப்ப டீச்சர் பூக்கும்? நான் பார்த்ததே இல்லையே" என்று கேட்டான். அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கதைதான் இச்சிக்கும். மறுநாள் பழுக்காத காய் பத்துப் பதினைந்து பறித்துவந்து பிளேடால் அறுத்து, பள்ளியில் இருந்த ஒரே லென்சை வைத்துப் பிள்ளைகளோடு பார்த்தேன். காய் என்று நாம் நினைப்பதே ஒரு பை. பூவெல்லாம் அந்தப் பைக்குள்ளே உள்முகமாகப் பூத்திருக்கிறது. நுனியில் ஊசி குத்தியது போல ஒரு துளை. அதன் வழியாக எள்ளை விடச் சிறிய பெண் குளவி உள்ளே போகும். வழி அவ்வளவு இறுக்கம். ஒடிந்த இறக்கை வாசலிலேயே கிடக்கும். உள்ளே போய்த் தான் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கும், சில பூக்களில் முட்டை வைக்கும், அங்கேயே சாகும். சில வாரம் கழித்துக் குஞ்சுகள் வளர்ந்து, இறக்கையில்லாத ஆண் குளவிகள் முதலில் வரும். பெண்களோடு சேர்ந்து, அவை வெளியேறத் துளை போட்டுக் கொடுத்துவிட்டு ஆண்கள் செத்துப்போகும். புது மகரந்தத்தோடு பறக்கிற பெண் குளவிக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் பக்குவமான காயோடு நிற்கிற இன்னொரு இச்சியைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆலுக்கு ஆல் குளவி, அரசுக்கு அரசின் குளவி, இச்சிக்கு இச்சியின் குளவி. வேறு மரம் ஆகாது. ஒரே மரத்திலும் பெரும்பாலும் ஆகாது, ஏனென்றால் ஒரு மரத்தின் காய்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில்தான் இருக்கும்.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஊர் எல்லையிலிருந்து கண்மாய் மடை வரை ரோட்டோரம் 23 இச்சி. எது எந்த மாதம் காய் பிடித்தது, எப்போது பழுத்தது, எந்தப் பறவை வந்தது. இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது. இத்தனை வருடத்தில் 23 மரத்திலும் காயே இல்லாத மாதம் என்று ஒன்றுகூடக் கிடையாது. மடை மரம் தையில், ஒன்பதாம் எண் பங்குனிக் கடைசியில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிற்பது ஆனியில் என்று முறை வைத்ததுபோல மாறி மாறிக் காய்க்கின்றன. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. குளவியும் பறவையும் பிழைத்திருப்பது இதனால்தான்.

"ஆறு மரம் மிச்சம் இருக்கிறதே" என்று கூட்டத்தில் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து, அந்த ஆறு மரத்தை மட்டும் தனியாக நோட்டில் பார்த்தேன். பெரும்பாலான வருடங்களில் சித்திரையிலிருந்து ஆடி வரை அந்த ஆறிலும் பழம் இல்லை. கோடையும் அதை அடுத்த வறண்ட நாட்களும் சேர்ந்த நாலு மாதம் அது. காற்று இந்தக் குளவிகளைப் பல கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் எங்களுக்குத் தெற்கே கடல். வாடை அடித்தால் குளவி போய்ச் சேருகிற இடம் மன்னார் வளைகுடா. கரையிலேயே நெருக்கமாக மரம் நின்றால்தான் அதற்குப் பிழைப்பு. ஆறு மரத்தை விட்டுவைப்பதாக நினைத்து, அந்த ஆறையும் மலடாக்கிவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் காலை ஒன்பதாம் எண் மரத்தடியில் நின்று பாருங்கள். கன்னான் குருவி டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். குயில், மைனா, சின்னான், பச்சைப்புறா. இலைக்குள் பச்சைப்புறா இருப்பதே தெரியாது, பழம் தொப் தொப்பென்று விழுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரி வௌவால். பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிற சோளக்குருவிகள் இந்தப் பழத்துக்கும் இறங்கும், வயலில் வெட்டுக்கிளிக்கும் இறங்கும். பக்கத்தில் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்களை 1998-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கடலுக்குள் இருக்கிற 21 தீவுகளை 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இரண்டையும் நான் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தவள். அந்தத் தண்ணீருக்கும் இந்தத் தண்ணீருக்கும் நடுவில், கரையில் நிற்கிற மரத்தைக் காப்பாற்ற மட்டும் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை.

ஆடு வைத்திருப்பவர்களைக் கூட்டத்துக்கு நீங்கள் கூப்பிடவில்லை, அவர்கள் மேய்ச்சலுக்குப் போன நேரத்தில் கூட்டத்தை வைத்தீர்கள். அவர்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அரசே அறிவித்தது. எங்கள் மாவட்டத்துக்கு மழையே அந்த ஒரு பருவத்தை நம்பித்தான். கண்மாய் வெடித்துக் கிடந்தது, தரையில் புல் கிடையாது. அந்தக் கோடையில் இச்சித் தழையை ஒடித்துப் போட்டுத்தான் ஊரில் பலரும் ஆடுகளைக் காப்பாற்றினார்கள். அதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: ஒரு மரத்தில் ஒடித்தால் அடுத்து ஒரு மாதம் அந்த மரத்தைத் தொடக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாரும் கேட்டார்கள்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. இந்தக் கடலில் இரண்டு தீவுக்கு நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்றே பெயர். தண்ணீரை வைத்து இடத்துக்குப் பெயர் வைத்த சனம் நாங்கள். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். குடிக்கிற தண்ணீர் சில இடத்தில்தான் வரும். மடை மரத்துக்குத் தெற்கே மணலில் ஓர் ஊற்று இருக்கிறது. கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் சிரட்டையால் மோந்து மோந்து குடம் நிறைப்பது அங்கேதான். மரம்தான் தண்ணீரை இனிப்பாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் மரம் பெருத்தது, அவ்வளவுதான். ஆனால் மரத்தை வெட்டி, அந்த இடத்தில் கிராவல் கொட்டி ஆறடி உயர்த்தினால் மரத்தோடு ஊற்றும் போய்விடும். உங்கள் வரைபடத்தில் மடை குறித்திருக்கிறது, ஊற்று குறிக்கப்படவில்லை.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் என்கிறீர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் கிழக்கே பாலம் கட்டும்போதும் இதைத்தான் சொன்னார்கள். நாலு மரம் போனது, நாற்பது கன்று வைத்தார்கள், பச்சை வலைக் கூண்டும் போட்டார்கள். போன வாரம் நடந்து போய் எண்ணினேன். மூன்று உயிரோடு இருக்கிறது. மூன்றும் கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம். இதை இனி நடக் கூடாது என்று தமிழக அரசே ஆணை போட்டிருக்கிறது. மிச்சக் கூண்டுகளுக்குள் சீமைக்கருவேல் முளைத்திருக்கிறது. நட்டவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. உப்புக் காற்றும் மணலும் சேர்ந்த இடத்தில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், நர்சரிக் கன்று எப்படிப் பிழைக்கும்? இச்சிக்கன்று பிழைக்கும். ஆனால் உங்கள் கன்றுப் பட்டியலில் இச்சியே இல்லை. அதுவும் பிழைத்து, வேர் பிடித்து, பழுத்து, குளவி வந்து சேர ஒரு தலைமுறை ஆகும். ஒன்பதாம் எண் மரத்தோடு கூடவே வளர்ந்தவள் என்பதால் அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ரோட்டில்தான் என் தம்பி மகளைப் பிரசவத்துக்கு 108 வண்டியில் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனோம். எதிரே உப்பு லாரி வந்து, ஒதுங்க இடமில்லாமல் வண்டி நின்ற அந்தப் பத்து நிமிடம் எனக்கு மறக்காது. ரோடு அகலமாகத்தான் வேண்டும். ஆனால் மரங்கள் எல்லாம் நிற்பது தென்பக்கம், கண்மாய்க் கரையில். வடபக்கம் என்ன இருக்கிறது? பள்ளிக்கூட வளைவிலிருந்து மடை வரைக்கும் புறம்போக்கு, அது முழுக்கச் சீமைக்கருவேல். என் பழைய மாணவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு டேப்பில் அளந்தேன். தார் விளிம்பிலிருந்து வேலிக்கல் வரை எந்த இடத்திலும் ஒன்பது மீட்டருக்குக் குறையவில்லை. வீடு இல்லை, கோயில் இல்லை, பள்ளிவாசல் இல்லை, பட்டா நிலம் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக அகலப்படுத்துவது என்று வரைந்துவிட்டதால் மட்டுமே பதினேழு மரம் சாக வேண்டுமா?

நான் கேட்பது இவை.

இந்த ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மட்டும் விரிவாக்கம் முழுவதையும் வடபக்கமாகவே எடுக்கும்படி வரைபடத்தைத் திருத்துங்கள். முடியாது என்றால், எந்த இடத்தில், எத்தனை மீட்டருக்கு, என்ன காரணத்தால் முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள். "தொழில்நுட்பக் காரணம்" என்ற இரண்டு சொல்லைப் பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

மரப் பட்டியலைத் திருத்துங்கள். அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவின் முன்னால் "இதர காட்டு மரம், விறகு" என்று போனால் அவர்கள் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? இச்சி என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் அடிமரச் சுற்றளவையும் எழுதுங்கள். ஒன்பதாம் எண்ணுக்குள் பனை இருப்பதை எழுதுங்கள். என் நோட்டுகளின் நகலை இணைப்பாகக் கொடுக்கிறேன், அதையும் சேர்த்து வையுங்கள்.

மடைக்குத் தெற்கே உள்ள ஊற்றை வரைபடத்தில் குறித்து, அதைச் சுற்றி மண் கொட்டுவதில்லை என்று உறுதி கொடுங்கள்.

கன்று நடுகிற பணம் இருக்கிறது அல்லவா, அதில் ஒரு பங்கை இச்சிக்கு ஒதுக்குங்கள். கார்த்திகை மழை பிடித்ததும் கை தண்டிக் கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினால் வேர் விடும், ஆலம்போத்து ஊன்றுவது போலத்தான். கூலிக்கு ஆள் வேண்டாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் நானும் ஊன்றி, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். இடத்தையும் வேலியையும் மட்டும் கொடுங்கள். ஆனால் இது நிற்கிற மரத்துக்குப் பதில் இல்லை, கூடுதலாக.

இவற்றுக்கெல்லாம் பதில் வரும் வரை ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக ரம்பம் வந்த கதைகளை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மடலுக்குப் பிறகு அப்படி நடந்தால் அதைத் தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல முடியாது.

கடைசியாக, ஒருமுறை நேரில் வாருங்கள். கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் கட்டாயம் வர வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் அந்த மரத்தடியில் நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். பதினான்காம் எண் மரத்தில் இப்போது காய் பிடித்திருக்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் பழுக்கும். என்றைக்கு என்று சொல்லி அனுப்புங்கள். காலை ஆறு மணிக்கு வந்தால் பறவைகள் இருக்கும். நோட்டையும் லென்சையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
சாயல்குடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்